மொஜ்தே பார்த்த தோட்டங்கள்

ஓர்திபெஹெஷ்த் 3, ஞாயிறு. காஷான் விடுதி

காலையில் டெஹ்ரானிலிருந்து கிளம்பினோம். ஓர்திபெஹெஷ்த் மாதத்து வசந்தகாலத் தோட்டப் பயணம், வழிகாட்டியாக எனக்கு இந்த ஆண்டின் மூன்றாவது கூட்டம். காஷான், இஸ்ஃபஹான், யஸ்து, மாஹான், கடைசியாக என் ஊர் ஷீராஸ். பஸ் நிறையவில்லை. பின் வரிசை காலி என்பதால் டிரைவர் கொத்ரத் ஆகா தன் தலையணையையும் ஒரு தர்பூசணியையும் அங்கே குடியேற்றிவிட்டார்.

தப்ரீஸிலிருந்து ஒரு தம்பதி: ஓய்வு பெற்ற வங்கிக்காரர் எஸ்ஃபந்தியார் ஆகா, அவர் மனைவி தூபா கானும். ஆண்களுக்கு ஆகா, பெண்களுக்கு கானும்: மரியாதையில் நான் யாருக்கும் குறை வைப்பதில்லை. ஜன்னலோர இடத்துக்காக ஊர் எல்லை தாண்டும்வரை சண்டை. ஜெயித்தது தூபா கானும். ஜெயித்த உடனே திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுத் தூங்கிவிட்டார்.

தனியாக ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் மொஜ்தே. பஸ் குமட்டுகிறது என்று முன் இருக்கை கேட்டாள், கொடுத்தேன். கும் நகரம் தாண்டியதும் கேட்டாள்: "வருஷம் பூரா இப்படித்தான் சுத்திக்கிட்டே இருப்பீங்களா?"

எல்லாரும் கேட்பதுதான். வழக்கமான பதிலைச் சொன்னேன். "குளிர்காலத்துல வீட்ல உட்கார்ந்து கால் வீக்கத்தைப் பார்த்துக்கிட்டிருப்பேன்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் கால்களைப் பார்த்தாள்.

ஓர்திபெஹெஷ்த் 4, திங்கள். காஷான்

ஃபீன் தோட்டத்துக்குக் கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்விட வேண்டும். இது என் பிடிவாதம். வெயில் ஏறிவிட்டால் வாய்க்காலின் நீல ஓடுகள் கண்ணைக் கூசும்; காலையில்தான் தண்ணீரின் நிறம் தெரியும். ஊற்று நீர் தன் அழுத்தத்தாலேயே குமிழியிட்டு மேலெழும்புகிறது, மோட்டார் கிடையாது என்றேன். எஸ்ஃபந்தியார் ஆகா குனிந்து தேடினார்.

"எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான்."

"முப்பது வருஷம் பேங்க்ல உட்கார்ந்து வந்த வியாதி. தண்ணியைக்கூட சந்தேகப்படுற" என்றார் தூபா கானும்.

பிறகு எல்லோரும் பன்னீர் வாங்கப் போனார்கள். மொஜ்தேயைக் காணவில்லை. பின்புறம் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கூப்பிடப் போனேன். எனக்கு முதுகு காட்டியபடி போனில் வந்த குரல் செய்தி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொஜ்தே, என்னோட விளையாட்டு பூட்ஸ் எங்க? அப்பா தெரியாதுங்கறார். சீக்கிரம் சொல்லு, ஹா...ன்?"

குரல் கனத்திருக்கிறது. வளர்ந்துவிட்டாள் அல்லவா. ஆனால் அந்த "ஹா...ன்?" — நான்கு வயதில், எதைக் கேட்டாலும் கடைசியில் அதை ஒட்டித்தான் கேட்பாள். பால் வேணும், ஹா...ன்? கதை சொல்லு, ஹா...ன்?

யல்தா. என் மகள்.

மொஜ்தே திரும்பினாள். என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தாள். கவிழ்த்ததே போதுமாக இருந்தது.

"யாரு அது?"

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

என் முன்னாள் கணவன் சியாமக் மறுமணம் செய்துகொண்டது தெரியும். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பஸ்ஸுக்கு வந்து தலைகளை எண்ணினேன். எண்ணிக்கை விட்டுப்போனது. கொத்ரத் ஆகாதான் எண்ணினார்.

ஓர்திபெஹெஷ்த் 5, செவ்வாய். இஸ்ஃபஹான்

சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மனது கொஞ்சம் அடங்கட்டும்.

விவாகரத்துக்குக் காரணம் இந்த வேலை. "வீட்ல கால் தரிக்காதவ" என்பான் சியாமக். கோபம் வந்தால் இன்னும் மோசமான வார்த்தைகள், ஊர் ஊராக விடுதியில் படுப்பவள் என்று. யல்தாவுக்கு ஏழு வயது முடியும்வரை என்னிடம் இருந்தாள். அதன் பிறகு தகப்பனிடம், சட்டம் அப்படி. அவன் டெஹ்ரான் பக்கம் கரஜுக்கு வீடு மாற்றினான். பார்க்கப் போனால் பரீட்சை, காய்ச்சல், வெளியே போயிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் கதவைத் திறந்து அவளே சொன்னாள், "நான் வரல. நீ வராதே." அதோடு நிறுத்திவிட்டேன். போன் மட்டும் செய்வேன். அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். பிறகு அடிப்பதும் நின்றது.

பருவமடைந்த பெண் பிள்ளை யாரிடம் இருப்பது என்று தானே சொல்லலாம், நீதிமன்றம் கேட்கும் என்றார் வக்கீல். அவள்தான் சொல்லிவிட்டாளே.

இப்போது அந்த வீட்டுக்காரி என் பஸ்ஸில், முன் இருக்கையில்.

கொத்ரத் ஆகாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஸ்டீயரிங்கைத் துடைத்தார். "இறக்கிவிட்டுடலாமா? நாயீன் போற ரோட்டுல ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. டீ நல்லா இருக்கும். மனசாட்சிக்கும் உறுத்தாது."

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நாற்பது தூண் மாளிகையின் குளக்கரையில் அவளை நிறுத்திக் கேட்டேன். மற்றவர்கள் தண்ணீரில் தெரியும் தூண்களைச் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"சியாமக் அனுப்பினானா?"

"அவருக்குத் தெரியாது. சிநேகிதிகளோட பூப் பார்க்கப் போறேன்னு சொன்னேன்." பிறகு, "பூவும் பார்க்கிறேன். முழுப் பொய்யில்லை" என்றாள்.

"என்னை வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

"ஆமா."

இப்படிப் பட்டென்று சொன்னால் எதிரில் நிற்பவள் என்ன செய்வது? மைக்கை எடுத்துக்கொண்டு கூட்டத்திடம் போய்விட்டேன். இருபது தூணுக்கு நாற்பது என்று ஏன் பெயர் என விளக்கினேன். குரல் சரியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஓர்திபெஹெஷ்த் 6, புதன்

யஸ்துக்குப் பயணம். மணல் காற்று. அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. கொத்ரத் ஆகா அந்தப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார், எல்லோரும் டீ குடித்தோம், எல்லோரும் ஏறினோம்.

ஓர்திபெஹெஷ்த் 7, வியாழன். யஸ்து

தௌலதாபாத் தோட்டம் பகலில்தான் அழகு. வெளியே வெயில் சுடச்சுட, உள்ளே காற்றுக் கோபுரத்தின் அடியில் போய் நின்றால் கழுத்து வியர்வை காய்ந்துவிடும். வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் குழந்தைகள் கைநீட்டி நிறம் பிடிப்பார்கள். பெரியவர்களும்தான். எஸ்ஃபந்தியார் ஆகாவின் வழுக்கையில் பச்சையும் சிவப்பும் விழுந்தது. தூபா கானும் முதல்முறையாக அவரைப் படம் எடுத்தார்.

மொஜ்தே கோபுரத்தடியில் வந்து என் பக்கத்தில் நின்றாள். இன்றைக்கு அவளே ஆரம்பித்தாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"நான் பல் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன். இப்ப வயித்துல நாலாவது மாசம். வேலையை விட்டுடுங்கறார். மாட்டேன்னேன். உடனே, 'நீயும் வீட்ல கால் தரிக்காதவதானா'ன்னார். அதே வார்த்தை. உங்களைப் பத்தி என்கிட்ட கல்யாணமானதிலேர்ந்து சொல்லிக்கிட்டிருந்த அதே வார்த்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போ மத்ததெல்லாம்? நீங்க புள்ளையை வேண்டாம்னு சொன்னது, நம்பரை மாத்தினது... அதெல்லாம் யார் சொல்லி நான் நம்பினேன்? அவர் சொல்லித்தானே?"

"நான் நம்பரை மாத்தவேயில்லை."

"தெரியும். பயணம் பதிவு பண்ணினப்போ கம்பெனி கொடுத்த உங்க நம்பர் அதுதான். வீட்ல ஒரு பழைய காகிதத்துல எழுதியிருக்கிற அதே நம்பர்."

நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. அவளே சொன்னாள்.

"அன்னைக்கு வாசல்ல அவ உங்களை வராதேன்னு சொன்னப்போ நான் சமையலறையில இருந்தேன். முந்தின ராத்திரி அவர் அவகிட்ட சொன்னார்: 'உன் அம்மா கூட்டிட்டுப் போவா, ரெண்டு நாள்ல சலிச்சுப்போய் திருப்பி விட்டுடுவா. அவளுக்குப் பஸ்ல ஆளுங்க காத்திருக்காங்க.' நீங்க போன அப்புறம் அவ ஜன்னலை விட்டு நகரலை. சாப்பிடக் கூப்பிட்டேன், வரலை. நான் புதுசு. என்னன்னு கேட்கிற உரிமை எனக்கு இருந்ததான்னு தெரியலை. கேட்கலை."

பேச்சு அங்கே முடிந்தது, கூட்டம் வந்துவிட்டது. யாரோ கோபுரத்தின் உயரம் கேட்டார்கள். சொன்னேன்.

என்ன பொம்பளை இவ. நல்லவளா? இப்போ வந்து சொல்றா. ரெண்டு வருஷம் கழிச்சு. எனக்குக் கோபம் வரணும். வருது. ஆனா யார் மேலேன்னு ஒழுங்கா நிக்கமாட்டேங்குது.

ஓர்திபெஹெஷ்த் 8, வெள்ளி. கெர்மான் விடுதி

நாள் முழுக்கச் சாலை. மொஜ்தே பஸ்ஸில் என்னிடம் யல்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கைப்பந்து விளையாடுகிறாள். கணக்கில் மோசம். வெங்காயத்தைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கிவைப்பாள். ஒரு பல் சொத்தை. மொஜ்தேயே கூட்டிப்போய் அடைத்திருக்கிறாள். பள்ளியில் யாரோ கிண்டல் செய்ததற்கு மொஜ்தேதான் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள்.

கேட்கக் கேட்க, பசிக்கிறவன் எதிரில் உட்கார்ந்து சாப்பாட்டை வர்ணிப்பது போல இருந்தது. ஆனால் நிறுத்து என்று சொல்லவில்லை. நிறுத்தினபோது, "அப்புறம்?" என்று நான்தான் கேட்டேன்.

ஓர்திபெஹெஷ்த் 10, ஞாயிறு. கெர்மான், ஆஸ்பத்திரி வராந்தா

நேற்று எழுத முடியவில்லை.

மாஹானில் இளவரசர் தோட்டம். எத்தனை முறை வந்தாலும் அந்த வாசலில் எனக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும். சுற்றிலும் வெந்த மண், மொட்டை மலை. வாசலைத் தாண்டினால் படிப்படியாக இறங்கிவரும் தண்ணீர், இருபுறமும் மரம். பயணிகளை முதலில் வெளியே வெயிலில் நிற்கவைத்துப் பேசுவேன், திட்டுவார்கள், உள்ளே நுழைந்ததும் மன்னித்துவிடுவார்கள்.

மேல்மாளிகைக்குப் பாதிப்படி ஏறியபோது மொஜ்தே உட்கார்ந்துவிட்டாள். வெயில் என்று நினைத்தேன். கையைப் பிடித்தாள், ஐஸாக இருந்தது. "மஹ்லகா கானும், ரத்தம்" என்றாள், என் காதருகே மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

தூபா கானும் தன் பெரிய சால்வையை அவிழ்த்து அவள் இடுப்பில் சுற்றினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. எஸ்ஃபந்தியார் ஆகா, அவ்வளவு கனத்த மனுஷர், டாக்ஸி பிடிக்க வாசல்வரை ஓடினார். மைக்கை கொத்ரத் ஆகா கையில் கொடுத்தேன். "நான் என்ன பேசுவேன்?" என்றார். "எதையாவது."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

என்ன சொல்வது? "அக்கா" என்றேன்.

மொஜ்தே ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். பையையும் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. திரையில் யல்தா.

எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் பயந்துவிடுவாள். எடுத்தால் — எடுத்துவிட்டேன்.

"மொஜ்தே! காலையிலேர்ந்து மெசேஜ் போடுறேன், ஏன் பதிலே இல்ல?"

"அவங்க... உள்ளே டாக்டரைப் பார்க்கப் போயிருக்காங்க."

"யாரு பேசறது? என்ன ஆச்சு அவளுக்கு? பாப்பாவுக்கா?"

"கொஞ்சம் மயக்கம். ஸ்கேன் எடுக்கிறாங்க. பயப்படாதே."

"நீங்க யாரு?"

ஆறு வருஷமாக இந்தக் கேள்விக்கு எத்தனை பதில் ஒத்திகை பார்த்திருக்கிறேன். பஸ்ஸில், விடுதியில், பாத்திரம் கழுவும்போது. அவள் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்திருந்தாள். அழுகிற குழந்தையிடம் இதை எப்படிப் போடுவது?

"அவங்ககூட பஸ்ல வந்தவ" என்றேன்.

"அவளைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க. அவளுக்கு ஆஸ்பத்திரின்னா பயம். ஆஸ்பத்திரிலதான் வேலை பார்க்கிறா, ஆனாலும் பயம். விட்டுட்டுப் போகமாட்டீங்கல்ல, ஹா...ன்?"

"போகமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வைத்துவிட்டாள். எதிரில் ஒரு ஆள் தேநீர்க் கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெரிந்தது என் முகம் நனைந்திருப்பது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு நாள் படுக்கை, பஸ்ஸில் போகக்கூடாது.

அலுவலகத்திலிருந்து மேலாளர் போன். "பயணியைச் சேர்த்துட்டு வந்துட வேண்டியதுதானே? கூட்டம் ஷீராஸ் போயிட்டிருக்கு, கைடு கெர்மான்ல உட்கார்ந்திருக்கீங்க."

"வாக்குக் கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஒரு பொண்ணுக்கு."

அடுத்த கூட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம். கொடுக்கட்டும்.

ஓர்திபெஹெஷ்த் 11, திங்கள். கெர்மான்

மொஜ்தேயின் தங்கை வந்துவிட்டாள். நாளை விமானத்தில் கூட்டிப்போகிறாள். நான் இரவு பஸ்ஸில் ஷீராஸ் போகிறேன்.

போன் வந்ததை மொஜ்தேயிடம் சொன்னேன்.

"ஏன் நீங்க யாருன்னு சொல்லலை?"

"அவ உன்னைக் கேட்டுல்ல போன் பண்ணினா."

"நான் போய்ச் சொல்றேன். அவகிட்டயும், அவர்கிட்டயும். என்ன சொல்லணும்?"

"பார்த்ததைச் சொல்லு."

"வீடு ரெண்டுபடும்."

"தெரியும். வேண்டாம்னா விட்டுடு. உனக்கு அந்த வீட்ல இருந்தாகணும்."

"இருப்பேன்" என்றாள். "என் வீடும்தான் அது. அவர் கத்துவார். நானும் கத்துவேன். எனக்கு இப்ப கத்த வரும்."

கிளம்பும்போது, "மாஹான்ல மேல என்ன இருக்கு? நான் பாதிதான் பார்த்தேன்" என்றாள். மேலே ஒரு மாளிகை, அதன் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் கீழே முழுத் தோட்டமும் தெரியும், அவ்வளவுதான் என்றேன். "அவ்வளவுதானா" என்று சிரித்தாள். அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஓர்திபெஹெஷ்த் 12, செவ்வாய். ஷீராஸ்

எரம் தோட்டத்தில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். ரோஜாக்கள் உச்சத்தில். தூபா கானும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பொண்ணு? குழந்தை?" நலம் என்றதும் உரக்க இறைவனுக்கு நன்றி சொன்னார். சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கமாட்டேன், அவளுக்கே என்றார்.

மாஹானில் கொத்ரத் ஆகா என்ன பேசினார் என்று விசாரித்தேன். அவரே சொன்னார்: "'இது மரம், அது தண்ணி, மேல போனா இன்னும் தண்ணி. நல்லா பார்த்துட்டு வந்து பஸ்ல ஏறுங்க'ன்னேன். கை தட்டினாங்க. உங்களுக்குத் தட்டியிருக்காங்களா இதுவரை?"

இல்லை.

கொர்தாத் 2, செவ்வாய்

மூன்று வாரமாக ஒரு செய்தியும் இல்லை. நானாகப் போன் செய்யக்கூடாது என்று வைத்திருக்கிறேன். நாரத்தைப் பூ காலம் முடிந்துவிட்டது. தெல்கொஷா தோட்டத்தில் கீழே விழுந்தவை பழுப்பாகக் கிடக்கின்றன. கூட்டம் இல்லை, வேலை இல்லை. வீட்டைக் கழுவினேன். இரண்டு முறை.

கொர்தாத் 11, வியாழன்

போன் வந்தது. புதிய எண்.

"நான் யல்தா."

"சொல்லும்மா."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில பேசினது நீயாம். மொஜ்தே சொன்னா."

"ஆமா. என் குரல் தெரியலையா உனக்கு?"

"தெரியலை. யாரோ ஒரு நல்ல பொம்பளைன்னு நினைச்சேன்."

பிறகு, சனிக்கிழமை அறிவியல் பரீட்சை, வைக்கிறேன் என்றாள். வைத்துவிட்டாள்.

யாரோ ஒரு நல்ல பொம்பளை. சாயங்காலம் முழுக்க அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்கத்தான் செய்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

கொர்தாத் 24, புதன்

மொஜ்தே பேசினாள். சியாமக் பத்து நாள் அவளோடு பேசவில்லையாம். இப்போது கத்துகிறானாம். "கத்தறது நல்லது, பேசாமலிருக்கிறதுதான் பயம்" என்கிறாள். யல்தா கோடை விடுமுறைக்கு ஷீராஸ் போகிறேன் என்றதற்கு, "போனா திரும்பி வராதே" என்றானாம். "உனக்கும் பஸ்ல ஆள் காத்திருக்காங்களா?" என்று யல்தா திருப்பிக் கேட்டாளாம். அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டானாம்.

தீர் 9, வெள்ளி

வந்துவிட்டாள். என் தோளைத் தாண்டி வளர்ந்திருக்கிறாள். விமான நிலையத்தில் கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியாமல் நான் பெட்டியைப் பிடித்தேன். அவளும் பெட்டியைப் பிடித்தாள். இருவரும் இழுத்தோம்.

"ரூம்ல ஏசி இருக்கா?"

"இருக்கு."

"வைஃபை?"

"இருக்கு."

"சரி" என்றாள்.

தீர் 20, செவ்வாய்

சண்டை. அரிசி சட்டியின் அடி தீய்ந்ததில் ஆரம்பித்து எங்கோ போய்விட்டது.

"நீ ஏன் வர்றதை நிறுத்தினே?"

"நீதானே வராதேன்னு சொன்னே."

"எனக்கு அப்போ பதினோரு வயசு! பதினோரு வயசு பொண்ணு சொன்னா கேட்டுக்குவியா? வேற எது சொன்னாலும் கேட்கமாட்டீங்களே பெரியவங்க, இதை மட்டும் ஏன் கேட்டே?"

"கேட்டிருக்கக் கூடாது" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து உள்ளிருந்து, "இன்னும் அங்கேயா இருக்கே?"

"ஆமா."

"பசிக்குது."

தீய்ந்த சோற்றின் மேல்பாகத்தைச் சாப்பிட்டோம்.

ஷஹ்ரிவர் 28, செவ்வாய்

கரஜுக்கே திரும்பிப் போகிறாள். அவள் முடிவு. பள்ளி அங்கே, கைப்பந்துக் குழு அங்கே, மொஜ்தேவுக்கு மாதம் நெருங்குகிறது. "அவளை இப்போ தனியா விட முடியாது" என்றாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பொறாமையை மட்டும் இங்கே எழுதிவிட்டு விடுகிறேன்.

நீதிமன்றம் போகவேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். "உங்க பக்கம் ஜெயிக்குமே" என்றார். யல்தாவுக்கு ரெண்டு வீடு இருக்கட்டும் என்றேன்.

மெஹ்ர் 21, வெள்ளி

ஆண் குழந்தை. மொஜ்தே நலம். யல்தா அனுப்பிய படத்தில் குழந்தை மஞ்சள் போர்வைக்குள் கோபமாக இருக்கிறது. "அப்பா மாதிரியே" என்று கீழே எழுதியிருக்கிறாள்.

மொஜ்தே வேலையை விடவில்லை. விடுப்புதான் எடுத்திருக்கிறாள்.

எஸ்ஃபந்த் 17, வியாழன்

சியாமக்கிடமிருந்து ஒரு வரி, பல வருஷங்களுக்குப் பிறகு: "நவ்ரூஸ் புத்தாண்டுக்கு அங்கே வருகிறாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது." வாழ்த்தும் இல்லை, வசவும் இல்லை. "சரி" என்று பதில் போட்டேன்.

ஃபர்வர்தீன் 8, புதன். ஷீராஸ்

புத்தாண்டு விடுமுறைக் கூட்டம், பஸ் நிறைந்து வழிகிறது. மேலாளர் மறுபடி என்னைக் கூப்பிட்டுவிட்டார், ஆள் போதவில்லையாம். யல்தாவை வீட்டில் விட மனமில்லாமல் கூட்டிவந்தேன். கொத்ரத் ஆகாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பாட்டு ரசனையைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டு வந்தாள்.

எரம் தோட்டத்தில் எள் போட இடமில்லை. குளத்தோரம் சைப்ரஸ் மரங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். யல்தா சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி போனைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றாள். மஷ்ஹதிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் என் பேச்சை இடைமறித்து, "இந்தப் பொண்ணு யாரு, உங்க மகளா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"ஆமா, இவங்க மகள்தான். ஆனா எனக்குத் தோட்டமெல்லாம் பிடிக்காது."

கூட்டம் சிரித்தது. நான் மரத்தைப் பற்றி எங்கே விட்டேன் என்பது மறந்துபோய்விட்டது, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.